எம்.எம். வழக்கு: மனைவியை அழைக்க வருமானம் காட்டச் சொன்ன சட்டம்

பிரிட்டனில் அகதியாக ஏற்கப்பட்டு வாழ்ந்துவந்த லெபனான்காரர் ஒருவர், ஊரில் இருந்த தன் மனைவியை அழைத்துக்கொள்ள விரும்பினார். நீதிமன்ற ஆவணங்களில் அவருக்கு எம்.எம். என்ற இரண்டு எழுத்துகள்தான் பெயர். தரப் பரிசோதகர் வேலை; வேலை நேரம் நிலையாக இருக்காது. ஆண்டுக்குச் சுமார் 15,600 பவுண்டு வரும். 2012 ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதி, துணையை அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டாக இருக்க வேண்டும் என்றது. மூவாயிரம் துண்டு விழுந்தது.

அந்தத் துண்டை அடைக்க அவருக்கு வழி இருந்தது. வாரம் 80 பவுண்டு வீதம் ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாகச் சட்டப்படி எழுதிக் கையெழுத்திடவே அவருடைய சகோதரர் முன்வந்தார். ஆண்டுக்கு 4,160 பவுண்டு. இரண்டையும் கூட்டினால் 18,600ஐத் தாண்டிவிடும். மனைவியும் படித்தவர், வந்து இறங்கினால் வேலை தேடிக்கொள்ளக் கூடியவர். ஆனால் சகோதரர் தரும் பணம் கணக்கில் சேராது, மனைவி வெளிநாட்டில் சம்பாதிப்பதும் சேராது, அவர் இங்கே வந்து சம்பாதிக்கப்போவதும் சேராது என்றது விதி.

இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பானது. இலண்டன் தமிழ் வீடுகளில் ஊரிலிருந்து மாப்பிள்ளையையோ பெண்ணையோ அழைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்வேன். விதி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறு இல்லை. குடும்பமாகச் சேர்ந்து தூக்கிவிடும் பழக்கம் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு இது நேரடியாகவே பொருந்தும்.

2012க்கு முன்னால் கேள்வி வேறு மாதிரி இருந்தது. அரசு உதவிப் பணத்தை நாடாமல் இந்தத் தம்பதியால் போதுமான அளவு வாழ முடியுமா என்று பார்த்தார்கள். அந்தக் 'போதுமான அளவு' என்பதை, வருமானமில்லாத ஒரு பிரிட்டன் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகையோடு ஒப்பிட்டு அளந்தார்கள். பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதும் தடையாக இல்லை. மகத் என்ற வழக்கில் 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது: உறவினரோ நண்பரோ தரும் உதவி நம்பத்தக்கதாக இருந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம். எம்.எம். தன் விண்ணப்பத்தைச் சில ஆண்டுகள் முந்திப் போட்டிருந்தால், சகோதரரின் உறுதிமொழியை அதிகாரி எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டியிருக்கும்.

அன்றைய உள்துறைச் செயலர் தெரேசா மே, குடும்ப விசாவுக்கு எவ்வளவு வருமானம் கேட்கலாம் என்று குடியேற்ற ஆலோசனைக் குழுவிடம் கேட்டார். 2011 நவம்பரில் அந்தக் குழு சில கணக்குகளைப் போட்டுக் கொடுத்தது. வருமானத்தை அளவாகக் கொண்டு கிடைக்கும் அரசு உதவிகள் ஒரு தம்பதிக்குக் கிடைக்காமல் போகும் இடம் 18,600. அரசுக்கு அவர்கள் கட்டும் வரி, அவர்களுக்காக அரசு செலவிடுவதைத் தாண்டும் இடம் 25,700. இந்த இரண்டில் கீழ்த் தொகையை அரசு தேர்ந்தெடுத்தது. அந்தத் தொகையை வைத்தாலே ஸ்பான்சர்களில், அதாவது துணையை அழைப்பவர்களில், 45 விழுக்காட்டினர் அதை எட்ட முடியாது என்று அதே குழு சொல்லியிருந்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தை உடன் வந்தால் முதல் குழந்தையோடு சேர்த்து மொத்தம் 22,400, அதற்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 கூடுதல் என்று படி ஏறியது.

வருமானம் போதாதவர் சேமிப்பைக் காட்டலாம். அந்தச் சேமிப்புக் கணக்கை விரல்விட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்றும் அதே சூத்திரம்தான். முதல் 16,000 பவுண்டு கணக்கிலேயே வராது. அதற்கு மேல் உள்ளதை இரண்டரையால் வகுக்க வேண்டும். முதல் விசாக் காலத்தை இரண்டரை ஆண்டு என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எம்.எம். போல 3,000 குறைகிறவர், அதை இரண்டரையால் பெருக்கி 16,000ஐக் கூட்டி, 23,500 பவுண்டு வைத்திருக்க வேண்டும். வருமானமே இல்லாதவருக்கு 62,500. ஆண்டுக்கு மூவாயிரம் குறைவாகச் சம்பாதிக்கும் ஒருவர் வங்கியில் 23,500 வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நிக்கோலஸ் பிளேக் முன் வந்தபோது, எம்.எம். மட்டும் இல்லை. பர்மிங்காமில் வாழ்ந்த பாகிஸ்தானிய, காஷ்மீரப் பின்னணி கொண்ட பிரிட்டன் குடிமக்களும் வழக்கில் இருந்தார்கள். 2013 ஜூலையில் வந்த தீர்ப்பு, வருமானம் கேட்பதே தவறு என்று சொல்லவில்லை. விதியின் ஐந்து கூறுகள் ஒன்றாகச் சேரும்போதுதான் சுமை தாங்க முடியாததாகிறது என்றார் பிளேக். அந்த ஐந்தும் இவை: தொகையை, ஆலோசனைக் குழு குறைந்தபட்சமாகக் காட்டிய 13,400க்கு மேலே வைத்தது. சேமிப்பில் முதல் 16,000ஐத் தள்ளிவிட்டது. சேமிப்பை ஓராண்டுக்குப் பதில் முப்பது மாதங்களுக்குக் கணக்கிட்டது. நம்பத்தக்க உறவினர் உதவியைக் கண்ணை மூடி ஒதுக்கியது. வரப்போகும் துணையின் சம்பாத்தியத் திறனை மதிக்காதது. குடிமக்களும் அகதிகளும் இந்த நாட்டில் வாழும் உரிமை பெற்றவர்கள் என்பதால் அவர்கள்மீது இவ்வளவு சுமை ஏற்றுவது அளவுக்கு மீறியது என்பது அவர் முடிவு. அகதிக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். மனைவி இங்கே வர முடியாவிட்டால் நீ அங்கே போய் வாழ் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது.

ஊதியக் கணக்கெடுப்பில் இருந்த 422 தொழில்களில் 301 தொழில்களின் ஊதியம்தான் 18,600க்கு மேல் இருந்தது என்பதையும் பிளேக் குறிப்பிட்டார். முழு நேரம் உழைத்தும் கோட்டுக்குக் கீழே நின்ற தொழில்கள் நூற்றுக்கு மேல்.

இந்தத் தீர்ப்பை அடுத்து ஹோம் ஆபீஸ் எனப்படும் உள்துறை அமைச்சகம் மேல்முறையீடு செய்தது. அதுவரை, வருமானக் காரணத்தால் மட்டும் மறுக்க வேண்டியிருந்த விண்ணப்பங்களை முடிவு சொல்லாமல் நிறுத்தி வைத்தது. ஓராண்டில் சுமார் 4,000 பேர் அப்படிக் காத்திருந்தார்கள். 2014 ஜூலை 11 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே மாத இறுதியில் நிறுத்தி வைத்திருந்த விண்ணப்பங்களுக்கு மறுப்புக் கடிதங்கள் போகத் தொடங்கின.

உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் 2016 பிப்ரவரியில் வழக்கைக் கேட்டார்கள். தீர்ப்பு வர ஓராண்டு ஆனது. பிரெண்டா ஹேலும் கார்ன்வத்தும் சேர்ந்து எழுதிய ஒரே தீர்ப்பு அது. அதைப் படிக்கும்போது இரண்டு குரல்கள் கேட்கும். ஆயிரக்கணக்கான தம்பதிகளுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் இந்த விதி பெரும் துன்பம் தருகிறது என்பதில் ஐயமில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். அடுத்த மூச்சிலேயே, அதனால் மட்டும் அது மனித உரிமைக்கு முரணாகிவிடாது என்றார்கள். அரசு உதவியைச் சாராமல் வாழ்வதும், சமூகத்தில் கலந்து வாழப் போதிய வருமானம் இருப்பதும் நியாயமான நோக்கங்கள். ஆலோசனைக் குழுவின் ஆய்வை அடிப்படையாக வைத்துத் தொகையைத் தீர்மானித்தது அறிவுக்குப் பொருந்தியது. எந்தத் தொகை சரி என்று சொல்லும் வேலை நீதிமன்றத்துக்கு உரியதல்ல. 18,600 தப்பிப் பிழைத்தது.

நெதர்லாந்தின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே குறைந்தபட்ச ஊதியத்தின் 120 விழுக்காட்டைக் கேட்ட விதியை, ஷக்ரூன் வழக்கில் 2010 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தொகையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கு ஆள் நிலைமையை ஆராயாமல் அதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்றது. குடும்ப இணைப்புக்கான அந்த ஐரோப்பியச் சட்டத்தில் பிரிட்டன் சேரவே இல்லை என்பதால் ஷக்ரூனை எம்.எம். தன் பக்கம் இழுக்க முடியவில்லை.

ஆனாலும் அரசு முழுமையாக வெல்லவில்லை. இரண்டு இடங்களில் நீதிமன்றம் விரலை வைத்தது. முதலாவது குழந்தைகள். குடியேற்றம் தொடர்பான எந்த முடிவிலும் குழந்தையின் நலனைக் காக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. வருமான விதியிலும் அதற்கான வழிகாட்டியிலும் அந்தக் கடமை சரியாக இடம்பெறவில்லை, அது சட்டத்துக்கு மாறானது என்றார்கள். 2015இல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 15,000 குழந்தைகள் இந்த விதியால் பாதிக்கப்பட்டதாகக் கணித்திருந்தது. அப்பாவையோ அம்மாவையோ கணினித் திரையில் மட்டும் பார்த்து வளரும் இந்தக் குடும்பங்களுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்றே பெயர் வந்தது.

இரண்டாவது, எம்.எம்.முக்கு நேரே பொருந்துவது. விதிக்குள் உறவினர் பணத்தை ஒதுக்கியது சோதிக்க எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக என்றால் அதை ஏற்கலாம். ஆனால் விதியின்படி விண்ணப்பம் தோற்ற பிறகு, குடும்ப வாழ்வுக்கான உரிமையை எடைபோடும் கட்டத்திலும் அதிகாரி அதே கண்பட்டையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. அந்தக் கட்டத்தில் சகோதரர் தரும் பணத்தையும் மனைவி சம்பாதிக்கப்போவதையும் பார்த்தே ஆக வேண்டும். அதற்கேற்ப வழிகாட்டியைத் திருத்துங்கள் என்றது தீர்ப்பு.

2017 ஆகஸ்ட் 10 முதல் விதி மாறியது. வருமானக் கோட்டை எட்டாத விண்ணப்பத்தில், மறுப்பதால் தம்பதிக்கோ குழந்தைக்கோ நியாயப்படுத்த முடியாத கடுமையான விளைவு நேரும் என்று காட்டினால், அதிகாரி வேறு வருமானங்களையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நபரின் நம்பத்தக்க, நீடித்து நிற்கும் உதவி உறுதிமொழி. விண்ணப்பதாரரோ ஸ்பான்சரோ பெறப்போகும் நம்பத்தக்க ஊதியம். வேறு நம்பகமான பணம். எம்.எம். காட்ட நினைத்த இரண்டும் இப்போது எழுத்தில் வந்துவிட்டன.

இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள். சகோதரர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்து விண்ணப்பிக்கிறார்கள். முதலில் அந்தக் கடுமையான விளைவை நிரூபிக்க வேண்டும். அதன் பிறகுதான் சகோதரரின் கடிதத்தை அதிகாரி திறந்து பார்ப்பார். ஒன்றாக இருக்க ஆசைப்படுகிறோம் என்பது மட்டும் அதற்குப் போதாது. பிரிட்டனில் வளரும் குழந்தை, ஊரில் போய் வாழ முடியாத அகதி நிலை, தீராத நோய் போன்ற ஏதோ ஒன்று வேண்டும். கதவு திறந்தாலும் பாதை நீளமானது. வருமானக் கோட்டை நேராக எட்டியவர் ஐந்து ஆண்டுகளில் நிரந்தர வதிவுரிமை கேட்கலாம். இந்த வாசல் வழியே நுழைந்தவர் பத்து ஆண்டுப் பாதையில் வைக்கப்படுவார். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மீண்டும் விசாக் கட்டணம், மீண்டும் உடல்நலக் கட்டணம். 2024 பிப்ரவரி முதல் உடல்நலக் கட்டணம் மட்டும் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. வருமானம் குறைந்தவரிடமே கூடுதலாக வாங்கும் இந்த ஏற்பாட்டை என்னால் சரியென்று ஏற்க முடியவில்லை. ஆனால் விதி அதுதான், தெரிந்தே நுழைய வேண்டும்.

2023 டிசம்பர் 4 அன்று உள்துறைச் செயலர் ஜேம்ஸ் கிளெவர்லி, தொகையை 38,700க்கு உயர்த்தப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. அதே மாதத்தில், படிப்படியாக ஏற்றலாம் என்று இறங்கி வந்தார். முதல் படியாக 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆனது. குழந்தைகளுக்கான கூடுதல் தொகை நீங்கியது. அந்த நாளுக்கு முன்பே துணைவர் பாதையில் நுழைந்தவர்கள் அதே துணையோடு நீட்டிக்கும்போது பழைய 18,600 கணக்கே தொடரும். ஆட்சி மாறிய பிறகு அடுத்த படிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் அதே ஆலோசனைக் குழுவிடம் கேட்டார்கள். 2025 ஜூனில் வந்த அறிக்கை 38,700ஐப் பரிந்துரைக்கவில்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் சம்பாதிக்கத் தேவையில்லாமல் ஒரு குடும்பம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கமானால் 23,000 முதல் 25,000 வரை போதும் என்றது. ஆனால் அது வெளிவந்ததால் மட்டும் தொகை குறைந்துவிடவில்லை.

2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அந்த ஊதியத்தில் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் ஆண்டுக்கு 25,397 வந்தது. 29,000 காட்ட வாரம் 46 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது, ஆண்டின் 52 வாரமும். வருமானமே இல்லாதவர் காட்ட வேண்டிய சேமிப்பு 88,500 ஆகிவிட்டது.

நம்மவர்கள் விண்ணப்பங்களில் பெரும்பாலான சிக்கல்கள் பணம் இல்லாததால் வருவதில்லை, பணம் இருக்கும் வடிவத்தால் வருகின்றன. ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்பவருக்குக் காகிதம் எளிது: ஆறு மாதப் பே ஸ்லிப், அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை கொடுத்தவரின் கடிதம். கடிதத்தில் வேலையின் தன்மை, எப்போதிலிருந்து வேலை, ஆண்டுச் சம்பளம், அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து என்பதெல்லாம் வர வேண்டும். சம்பளம் அந்த ஆறு மாதத்தில் ஏறியிருந்தால், ஏறுவதற்கு முன்பிருந்த குறைந்த அளவைத்தான் எடுப்பார்கள். அதனால் சம்பள உயர்வு கிடைத்த உடனே விண்ணப்பிக்காமல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

சம்பளத்தைக் கையில் காசாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பே ஸ்லிப்பில் 2,000 என்றும் வங்கியில் 1,200 என்றும் இருந்தால், வங்கியில் விழுந்த 1,200தான் கணக்கு. மிச்சம் வீட்டு வாடகைக்கும் காய்கறிக்கும் போனது என்று எழுதிக் கொடுத்துப் பயனில்லை. வாங்கிய காசை முழுமையாக வங்கியில் போட்டு, பிறகு எடுத்துச் செலவழிப்பதுதான் வழி.

கடை நடத்துகிறவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. தனி உரிமையாளர் என்றால் வரிக்குக் கணக்குக் காட்டிய இலாபமே வருமானம். கல்லாவில் புரளும் பணம் வருமானமல்ல. வரியைக் குறைக்கச் செலவுகளை ஏற்றி இலாபத்தை 18,000 என்று காட்டியவர், மனைவியை அழைக்கும் ஆண்டில் அந்த 18,000த்தோடுதான் நிற்க வேண்டும். சொந்தக் கம்பெனியின் இயக்குநராகத் தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்பவரும் கடைசி முழு நிதியாண்டின் கணக்கைத்தான் காட்ட வேண்டும், ஆறு மாதப் பே ஸ்லிப் போதாது. இந்த இரண்டு வகையினரும் துண்டு விழும் தொகையைச் சேமிப்பால் அடைக்க முடியாது. சம்பளக்காரருக்கு இருக்கும் அந்த வசதி சொந்தத் தொழில் செய்பவருக்கு இல்லை என்பது பலருக்கு மறுப்புக் கடிதம் வந்த பிறகே தெரிகிறது.

சீட்டுப் பணத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சேமிப்பு என்பது விண்ணப்ப நாளுக்கு முன் ஆறு மாதமாகத் தம்பதியின் கையில், வங்கியில் இருந்த பணம். அன்பளிப்பாகவும் இருக்கலாம், கடனாக இருக்கக் கூடாது. சீட்டு எடுத்த பிறகு மாதாமாதம் கட்ட வேண்டிய மிச்சம் இருந்தால் அது எப்படிப் பார்த்தாலும் கடனின் சாயல் கொண்டது. அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது. ஊரில் காணி விற்ற பணத்துக்கு ஒரு சலுகை உண்டு: அந்தக் காணி தம்பதியில் ஒருவர் பெயரில் ஏற்கெனவே இருந்தது, விற்றது, பணம் வங்கிக்கு வந்தது என்று தொடராகக் காட்டினால் பணமாக ஆறு மாதம் கிடந்திருக்க வேண்டியதில்லை. உறுதிப் பத்திரம் தமிழில் இருந்தால் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். காணி அப்பா பெயரில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அப்பா விற்றுக் கொடுத்த பணம் அன்பளிப்பு. அதற்கு ஆறு மாதம் ஓட வேண்டும்.

வாடகை வருமானம் பலர் கவனிக்காத ஒரு வழி. மனைவி கொழும்பிலோ சென்னையிலோ வாங்கும் சம்பளம் சேராது என்றாலும், அவர் பெயரில் உள்ள வீட்டின் வாடகை சேரும். வீடு அவருடையது என்ற பத்திரம், வாடகை ஒப்பந்தம், பன்னிரண்டு மாதமாக வாடகை வங்கியில் வந்ததற்கான ஸ்டேட்மென்ட் வேண்டும். உழைத்துச் சம்பாதிப்பதை ஒதுக்கி, வீட்டிலிருந்து வருவதை ஏற்கும் இந்தப் பிரிவு எனக்கு விளங்காத ஒன்று. ஆனால் பயன்படுத்தத் தக்கது.

மாற்றுத்திறன் அல்லது பராமரிப்பு தொடர்பான குறிப்பிட்ட உதவித்தொகை பெறும் ஸ்பான்சருக்கு 29,000 பொருந்தாது. 2012க்கு முன் இருந்த அந்தப் பழைய 'போதுமான அளவு' கணக்கே அவர்களுக்கு இன்றும் உண்டு. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு அதற்கான உதவித்தொகை வாங்கும் மகனோ மகளோ தனக்கு வழியே இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது.

நுழைவு விசா கிடைத்த பிறகும் வருமானச் சோதனை முடிவதில்லை. நீட்டிக்கும்போது ஒரு முறை, நிரந்தர வதிவுரிமை கேட்கும்போது ஒரு முறை, மொத்தம் மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: அனுமதியோடு இங்கே வேலை செய்யும் துணையின் சம்பளத்தையும் ஸ்பான்சரின் சம்பளத்தோடு கூட்டலாம். முதல் விண்ணப்பத்தில் ஒருவர் தனியாகத் தாங்கிய தொகையை அப்போது இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆகவே வந்து இறங்கும் துணை கூடிய விரைவில் வேலை தேடி, சம்பளத்தை வங்கி வழியாகவே வாங்கி, முதல் பே ஸ்லிப்பிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்து வைக்கத் தொடங்க வேண்டும். நீட்டிப்புக்கு அந்த ஆறு மாதம் தேவைப்படும்.